கோயில் கூடைக்கு வந்த ஆறு எண்கள்

அத்தியாயம் 14

உமாதேவி எந்த ஊரில் ஒளிந்திருக்கிறாள் என்று போன வாரம் உங்களுக்குச் சொல்லியிருந்தேன். இந்த வாரம் அந்த ஊரின் பெயரை எழுத எனக்கே பயமாக இருக்கிறது. தெற்கே ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்கள் மனதோடு வைத்திருங்கள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உமா, தேயிலைத் தோட்டத்து வேலப்பன் சாரதா தம்பதியின் மூத்த மகள். ஈப்போவில் கணவன் ஜெகதீஸ்வரனோடு குடித்தனம் செய்தவள். ஒருநாள் அவளுடைய கை இடுக்கில் இருக்கும்போதே அவன் கார்க் கதவைச் சாத்தினான். கட்டுப்போட்ட கையோடு போலீசில் புகார் கொடுத்துவிட்டு, மகள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்து, இரண்டொரு நாளில் அங்கிருந்தும் கிளம்பிவிட்டாள். போன இடம் அம்மா சாரதாவுக்கும் தங்கை குமுதாவுக்கும் மட்டும் தெரியும். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. மருமகன் "மாமா" என்று கூப்பிட்டால் போதும், வேலப்பன் உருகி ஓடிவிடுவார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அன்று காலை கியா பார்மில், தான் வேலை பார்க்கும் ஸ்ட்ராபெரிக் கடையில், குமுதா டப்பாக்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். கைப்பேசி இரண்டு தடவை அதிர்ந்தது. சுற்றுலாக்காரர் யாராவது ஆர்டர் அனுப்பியிருப்பார் என்று நினைத்து, கடையில் கூட்டம் ஓய்ந்து பதினொரு மணிக்கு மேல்தான் எடுத்துப் பார்த்தாள்.

அம்மாவின் மெயில் கணக்குக்குக் கடவுச்சொல் மாற்றப்பட்டிருக்கிறது என்றது முதல் செய்தி. புதிய கருவி ஒன்றிலிருந்து யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள், இடம் ஈப்போ என்றது இரண்டாவது.

குமுதா மூடியைக் கீழே வைத்தாள். ஈப்போ என்ற அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

தோட்டத்தில் கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டுகிற சாரதாவுக்கு மெயில் கணக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்கே அப்படி ஒன்று இருப்பது ரொம்ப நாள் தெரியாது. ஒரு தீபாவளிக்கு மருமகன் புதுக் கைப்பேசி வாங்கிக் கொடுத்து, கணக்கையும் அவனே திறந்து கொடுத்தான். உமா அனுப்பும் படங்களெல்லாம் கைப்பேசிக்கு வந்து, யாரும் சொல்லாமலே அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துகொள்ளும். கைப்பேசி உடைந்தாலும் படம் போகாது மாமி என்று அவன் அன்று பெருமையாகச் சொன்னான்.

அக்கா ஓடிவந்த வாரமே குமுதா பழைய கடவுச்சொல்லை மாற்றி, அந்தக் கணக்கின் எச்சரிக்கைகள் தனக்கும் வரும்படி செய்துவிட்டாள். அதோடு நின்றுவிட்டாள். அவள் வேலை செய்யும் கடையின் பேஸ்புக் பக்கத்தையே ஒருவன் திருடிவிட, அதைத் திரும்ப வாங்க முதலாளி தவுக்கே பட்ட பாட்டைப் பார்த்தவள் அவள். கைப்பேசிக்கு எண் அனுப்பும் பாதுகாப்பு மட்டும் போதாது என்று அப்போதே தெரியும். அம்மாவுக்கும் நல்ல பூட்டாகப் போட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் நினைப்பாள். வீட்டுக்குப் போனால் மீன்குழம்பும் தூக்கமும் வந்துவிடும்.

இப்போது அந்தக் கணக்கில் பாப்பாவின் படம் இருக்கிறது. பாலர் பள்ளியில் சேர்ந்த அன்று எடுத்தது. முதுகில் பை, நெஞ்சில் பள்ளியின் பெயர் தைத்த சட்டை. கை நீளமாகத் தைத்ததில் பிள்ளையின் விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துத் தைத்திருக்கிறான் தையல்காரன் என்று சாரதா அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். உமா தோட்டத்தை விட்டுப் போனபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

சட்டையில் பள்ளியின் பெயர். பெயரைப் போட்டுத் தேடினால் ஊர்.

குமுதா அம்மாவின் எண்ணுக்கு அழைத்தாள். எடுத்தது அப்பா.

அதில் அதிசயம் எதுவும் இல்லை. அவர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் பக்கம் போன் லைன் கிடைக்காது. மேட்டில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்கு வந்தால்தான் கைப்பேசி உயிர் பெறும். அதனால் வேலைக்குப் போகும்போது எல்லோரும் தங்கள் கைப்பேசியைப் பனி படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கோயில் தாழ்வாரத்தில் தொங்கும் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். முனியாண்டி காவலில் இருப்பதை எவன் தொடுவான்? மூச்சுத் தொல்லையால் தேயிலைத் தொழிற்சாலை வேலையை விட்ட வேலப்பன் காலையில் விளக்கேற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். யாருடைய கைப்பேசி அடித்தாலும் எடுத்துப் பேசி, மத்தியானம் சேதி சொல்லுவார். தோட்டத்தில் அவருக்கு இப்போது இருக்கும் ஒரே உத்தியோகம் அது. அதை அவர் தோட்டத்து ஆபீஸ் கிராணி வேலைக்குக் குறைவாக நினைத்ததில்லை.

"அப்பா, அம்மா போனை யாராச்சும் எடுத்தாங்களா?"

 கோயில் மணி காற்றில் ஆடும் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரும் எடுக்கலயே. ஏன் கேக்குற?"

அந்தத் தாமதம் குமுதாவுக்குப் பிடிக்கவில்லை. ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டு அக்காவுக்கு அழைத்தாள். மணியே அடிக்கவில்லை. உமா இப்போது வேலை செய்யும் கில்லாங்கில், அந்தத் தொழிற்சாலையில், கைப்பேசியை அணைத்து லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். சாயங்காலம் வேலை முடிந்து, பள்ளியிலேயே காத்திருக்கும் பாப்பாவை அழைத்துக்கொண்டு போவாள். பாப்பாவை வெளியே விடாதே, உடனே கூப்பிடு என்று குமுதா செய்தி அனுப்பினாள். அதன் அருகே ஒற்றைக் கீறல் மட்டும் விழுந்தது. போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

தவுக்கேயிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். பிரிஞ்சாங்கில் காய்கறி லோரிகள் நெரிசல். தானா ராத்தாவில் சிவப்பு விளக்கு. ரிங்லெட் போகும் பாதையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளைக் காரும் அவளுக்கு ஜெகதீஸ்வரனின் கார் மாதிரியே தெரிந்தது. அவன் இங்கே வரவேண்டிய தேவையே இல்லை என்று புத்தி சொன்னது. கண் அதைக் கேட்கவில்லை.

சாரதா பதினேழாம் மலையில் கத்தரியும் கையுமாக நின்றாள். மகள் மோட்டாரை நடுப்பாதையில் போட்டுவிட்டு ஏறி வருவதைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது.

"உமாவா?"

"அக்காவுக்கு ஒண்ணும் இல்லம்மா. கோயிலுக்கு வாங்க, வழியில சொல்றேன்."

வழியில் சொன்னாள்.  சாரதா கத்தரியைக் கீழே வைக்க மறந்து, கோயில் வரைக்கும் கையிலேயே கொண்டுவந்தாள்.

வேலப்பன் இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டார்.  குமுதா கூடையிலிருந்து அம்மாவின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

அவள் வைத்திருந்த கடவுச்சொல் இப்போது செல்லாது. அவன் மாற்றியிருந்தான். கடவுச்சொல் மறந்துவிட்டது என்பதை அழுத்தினாள். இந்தக் கைப்பேசிக்கே ஆறு எண்கள் கொண்ட டேக் வந்தது. பேங்கில் அனுப்புவார்களே, அதே மாதிரி. கைப்பேசி பூட்டியிருந்தாலும் முகப்பிலேயே கொட்டை எழுத்தில் தெரியும். அதைப் போட்டதும் கதவு திறந்துகொண்டது.  அவனும் இப்படித்தான் வந்திருக்கிறான். அவனுக்குக் கடவுச்சொல் தேவைப்படவே இல்லை. இந்த ஆறு எண்கள் போதும்.

அப்படியானால் அந்த ஆறு எண்களை அவனுக்கு யார் சொன்னது?

அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று கணக்கில் நுழைந்திருக்கும் கருவிகளைப் பார்த்தாள். அம்மாவின் கைப்பேசி. ஈப்போவில் ஒரு மடிக்கணினி. அதற்குக் கீழே இன்னொரு கைப்பேசி, இப்போதும் உள்ளே இருந்தது. இடம், சிரம்பான்.

காலையில் ஈப்போ, இப்போது சிரம்பான். தெற்கே.

இந்த இடமெல்லாம் சரியாகக் காட்டாது, சில நேரம் எங்கேயோ காட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே அந்த வரியை அம்மா பார்க்காதபடி கட்டை விரலால் மறைத்தாள். இரண்டு கருவிகளையும் வெளியேற்றினாள். புதுக் கடவுச்சொல் போட்டாள். பாப்பாவின் படத்தை அழித்தாள். அவன் அதைப் பார்த்தானா இல்லையா என்று மட்டும் அந்தக் கணக்கு சொல்லவில்லை.

அப்போது கைப்பேசி மறுபடி டிங் என்றது. முகப்பில் புதிதாக ஆறு எண்கள்.

"இப்ப நீ எதையும் அமுக்கலயே?" என்றாள் சாரதா.

"நான் கேக்கலம்மா. அவன் கேட்டிருக்கான். இப்பதான் வெளிய தள்ளுனேன், திரும்ப உள்ள வரப் பாக்குறான்."

மூவரும் அந்தத் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். அதே நேரத்தில் வேலப்பனின் சட்டைப்பையில் இருந்த பழைய பொத்தான் கைப்பேசி அடித்தது. அவர் அதை எடுக்கவில்லை. கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார், சத்தத்தை அப்படி அடக்கிவிடலாம் என்பதுபோல.

அடித்து ஓய்ந்தது.

"என்னங்க," என்றாள் சாரதா. "யாரு?"

வேலப்பன் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்பிள்ள."

 குமுதா கேட்காமலே அவர் சொல்ல ஆரம்பித்தார். காலையில் ஜெகதீஸ்வரன் கூப்பிட்டானாம். சுகம் விசாரித்தானாம். மூச்சுத் தொல்லைக்கு ஈப்போவில் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார், நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றானாம். அப்புறம், மாமியின் கைப்பேசி பழுதாகப் போகிறது, சரி செய்ய ஒரு நம்பர் வரும், அதைப் படித்துச் சொல்லுங்கள் மாமா என்றானாம். இங்கிலீசு எழுத்து அவருக்கு ஓடாது. எண் ஓடும். படித்துச் சொன்னார். ஆள் இருந்தும் இல்லாததுபோல ஆகிவிட்ட வீட்டில், மருமகன் தன்னிடம் வேலை கேட்டது அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எல்லாருக்கும் நான்தானே படிச்சிச் சொல்றேன்," என்றார். "நம்ம லயத்துக் கருப்பையாவுக்குப் பேங்கு நம்பர் வந்தாலும் நான்தான் சொல்றேன். மாப்பிள்ள கேட்டா எப்படி மாட்டேங்கிறது?"

"அவ கை," என்றாள் சாரதா.  "அவ கைய நீங்க பாக்கவே இல்ல. கட்டுப் போட்டப்புறம்தான் பாத்தீங்க. கதவு தானா சாத்திக்கிச்சின்னு அவன் சொன்னான், நீங்க தலையாட்டுனீங்க. நான் ஆஸ்பத்திரியில கட்டுப் போடறதுக்கு முந்தி பாத்தேன். தானா சாத்துற கதவு ரெண்டு தடவ சாத்தாதுங்க."

வேலப்பன் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு தடவை என்பது அவருக்கு இன்றுவரை யாரும் சொல்லாதது.  மனிதர் அழுவார் என்று குமுதா பயந்தாள். அழவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைத் தேற்ற நேரம் இல்லை. எண் அனுப்பும் வழி திறந்திருக்கும்வரை அவன் தட்டிக்கொண்டேதான் இருப்பான். குமுதா அந்தக் கணக்கில் பாஸ்கீ போட ஆரம்பித்தாள். கடையில் தவுக்கே எல்லோருக்கும் போட வைத்தது அதுதான்.

"அது என்னா?" என்றாள் சாரதா.

"இந்தப் போனே சாவிம்மா. உங்க வெரல வெச்சாதான் தெறக்கும். நம்பர் எதுவும் வராது. வராததுனால யாரும் கேட்டு வாங்க முடியாது, நாமளே குடுக்கணும்னு நெனச்சாலும் குடுக்க முடியாது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சாரதா கட்டை விரலை வைத்தாள். கைப்பேசி ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தாள். அதுவும் ஆகவில்லை. வருஷக்கணக்காகக் கத்தரி பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? முந்தானையில் துடைத்து வைத்தாள், எச்சில் தொட்டு வைத்தாள். மறுபடி முயலுங்கள் என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது. இடையில் மறுபடி டிங் என்று வேறு ஆறு எண்கள் வந்தன. 

"இடது கை சுண்டு வெரல வைங்கம்மா. அதுல கத்தரி படாதுல்ல."

வைத்தாள். மெதுவாக ஒரு வட்டம் நிரம்பியது. ஏற்றுக்கொண்டது. பாப்பாவின் உயிர் அந்தச் சுண்டு விரலில் இருப்பதுபோலச் சாரதா அதை மற்ற விரல்களுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

குமுதா எண் அனுப்பும் வழியை அடைத்தாள். மீட்பதற்கென்று போட்டிருந்த அம்மாவின் கைப்பேசி எண்ணையும் எடுத்துவிட்டாள். படங்கள் தானாகக் கணக்கில் ஏறுவதையும் நிறுத்தினாள். எல்லாம் முடிந்த பிறகு மூவரும் காத்திருந்தார்கள். டிங் என்று எதுவும் வரவில்லை. பனி கோயிலைச் சுற்றி நெருங்கி வந்தது. வேப்பிலைத் தோரணம் சொட்டுச் சொட்டாக நனைந்தது.

சாரதா பெருமூச்சு விட்டாள். குமுதாவால் முடியவில்லை. சிரம்பான் அவள் நெஞ்சிலேயே நின்றது.

பொத்தான் கைப்பேசி மறுபடி அடித்தது.

வேலப்பன் அதை எடுத்து, இந்தத் தடவை குமுதாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. ஒலிபெருக்கியை மட்டும் அழுத்திவிட்டு, பேசுங்கள் என்று ஜாடை காட்டினாள்.

"மாமா, சாப்பிட்டீங்களா?" ஜெகதீஸ்வரனின் குரல் எப்போதும்போலத் தேனாக இருந்தது. பின்னால் கார் ஓடும் இரைச்சல் கேட்டது. "மாமி போன்ல இன்னொரு நம்பர் வந்திருக்கும். கொஞ்சம் படிங்களேன்."

வேலப்பன் முனியாண்டியின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மகள் முகத்தையோ மனைவி முகத்தையோ பார்த்துக்கொண்டு அவரால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

"முடியாதுங்க மாப்பிள்ள."

"என்னா மாமா?"

"படிக்க முடியாது. இனிமே வராது. வந்தாலும் சொல்ல மாட்டேன்."

தன் ஆயுளில் மருமகனுக்கு அவர் சொன்ன முதல் மறுப்பு அது.  அந்தப் பக்கம் காரின் சிக்னல் விளக்கு டிக் டிக் என்று அடிப்பது மட்டும் கேட்டது. அவன் எங்கோ திரும்பிக்கொண்டிருந்தான்.

பிறகு சிரித்தான். கோபமே இல்லாத சிரிப்பு.

"பரவாயில்ல லா மாமா. வீட்டு அட்ரஸ்தான் தேடுனேன், கெடைக்கல. விடுங்க." கொஞ்சம் நிறுத்தினான். "பாப்பா சட்டைய பாத்தீங்களா? கை ரொம்ப நீளமா தெச்சிட்டாங்க. வெரலே தெரியல."

அழைப்பைத் துண்டித்தான்.

சாரதா அலறவில்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். குமுதா அதற்குள் பள்ளியின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்துவிட்டாள். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அப்பாவின் காதில் விழாமல் தள்ளிப்போய் நின்று அந்த ஊர்ப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்தாள். மலாயில் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். எப்போது என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்ப அழைத்துப் பிள்ளையின் பெயரையும் காரின் எண்ணையும் கொடுத்தாள்.

"நாம கெளம்பலாம்மா. போய்ச் சேர ராத்திரி ஆனாலும் ஆவட்டும்."

சாரதா ஏற்கெனவே எழுந்துவிட்டாள். வேலப்பனும் எழுந்தார். அவரும் வருகிறேன் என்று சொல்லப்போகிறார் என்று குமுதா நினைத்தாள். எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. இனி மறைத்து என்ன பயன்? அவனுக்கே தெரிந்துவிட்டது.

"அப்பா, அக்கா இருக்கிறது..."

"சொல்லாத." அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "எனக்குச் சொல்லாத குமுதா. அவன் திரும்பக் கூப்பிடுவான், வீடு எங்கன்னு கேப்பான். எனக்குத் தெரிஞ்சா வாயில வந்துடும். தெரியாத மனுசங்கிட்ட என்னா வாங்குவான்? நான் இங்கயே உக்காந்து பேச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கேன். வண்டிய ஓரங்கட்ட வெச்சிப் பேசுற அளவுக்குப் பேசுறேன். நீங்க போங்க."

அவர் கோயில் படியில் போய் உட்கார்ந்தார். கத்தரி அங்கேயே கிடந்தது. பொத்தான் கைப்பேசியை எடுத்து, கண்ணருகே கொண்டுபோய், மருமகனின் எண்ணைத் தானே அழுத்தினார். இத்தனை வருஷத்தில் அவராக அவனுக்கு அழைத்ததே இல்லை.

"மாப்பிள்ள," என்றார். நடுங்காத குரலில் பேச அவர் ரொம்பப் பாடுபட்டார். "அந்த டாக்டரப் பத்திச் சொன்னீங்களே, கொஞ்சம் வெவரமா சொல்லுங்க. எனக்கு இப்ப மூச்சு ரொம்ப சூசாவா இருக்கு, விடவே கஷ்டமா இருக்கு."

குமுதா மோட்டாரைக் கிளப்பினாள். பின்னால் ஏறிய சாரதா ஒரு கையால் மகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மற்றொரு கையில், சுண்டு விரல் உள்ளே மடங்கியபடி, கைப்பேசி இருந்தது. மேட்டிலிருந்து இறங்கினால் லைன் போய்விடும். இறங்குவதற்கு முன் குமுதா ஒரு நிமிஷம் நிறுத்தி, அக்காவுக்கு அனுப்பிய செய்தியைப் பார்த்தாள்.

இன்னும் ஒற்றைக் கீறல்தான்.